காட்டுகிற செட்டும் கட்டுகிற செட்டும்

ஊர்ப் பொங்கலுக்கு மைக் செட் பேச வருகிறவர்கள் எடுத்ததும் வாடகை கேட்பதில்லை. "ஒரு பாட்டப் போட்டுக் காட்டுங்க, கேப்போம்" என்பார்கள். அந்தக் கால்மணி நேரத்தில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் எல்லோரிடமும் உண்டு. அதன் பின்னால் திருகுகிற யூனிட்டும் பெரும்பாலும் ஒரே கம்பெனிச் சரக்குதான். ஒருத்தர் குழாய் கணீரென்று பேசி, இன்னொருத்தர் குழாய் கரகரத்தால், வித்தியாசம் அநேகமாகக் குழாயில் இருக்காது. அதற்குப் பின்னால் எதை மாட்டினார், எந்த ரிக்கார்டைப் போட்டார், எத்தனை தூரம் ஒயர் இழுத்தார், வந்தவர்களை எங்கே நிற்க வைத்தார் என்பதில்தான் இருக்கும். எம்.ரெட்டியபட்டியில் மைக் செட் கடை வைத்து, திருச்சுழி, பந்தல்குடி, கமுதிப் பக்கமெல்லாம் குழாய் கட்டியவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

கரிசல் காட்டில் சத்தத்துக்குச் சுவர் கிடையாது. ஊரைத் தாண்டினால் பருத்தியும் மல்லியும் மிளகாயும் போட்ட வெள்ளாமைக் காடு. அது தரிசானால் சீமைக்கருவேலம். நடுவில் கண்மாய்க்கரைதான் உயரம். அறைக்குள் பாட்டுக் கேட்பவருக்கு நான்கு சுவரும் திருப்பிக் கொடுக்கிற சத்தம் இங்கே திரும்பி வராது, போனது போனதுதான். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். எனவே எங்கள் பக்கத்தில் ஒரு செட்டின் பெருமையை இசையை வைத்துப் பேச மாட்டார்கள், எல்லையை வைத்துத்தான் பேசுவார்கள். "போன வருசம் கட்டுன குழா, கண்மாய்க்கு அங்கிட்டு ஆடு மேய்ச்சவனுக்குக் கேட்டுச்சு" என்பதுதான் பாராட்டு.

அந்த எல்லையும் நேரத்துக்கு நேரம் மாறும். உச்சிவெயிலில் கரிசல் மண் கொதிக்கும்போது தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிர்ந்தும் இருக்கும். அப்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து போய்விடும். பொழுது இறங்கித் தரை ஆறியபிறகு நிலைமை தலைகீழாகும். மேலே போன சத்தம் வளைந்து தரைக்கே வரும். விடியற்காலையில் கோயிலில் போடும் பாட்டு நாலு ஊருக்கு அப்பால் கேட்பதும், அதே செட்டு மத்தியானம் அடுத்த தெருவுக்கே எட்டாததும் இதனால்தான். ஆடிக் காற்று வேறு இருக்கிறது. காற்று போகிற பக்கம் ஒரு குழாய் போதும். எதிர்ப்பக்கம் இரண்டு கட்டினாலும் பற்றாது. ஆகையால் செட் காட்டுவதற்கு நான் முதலில் தேர்ந்தெடுப்பது கருவியை அல்ல, நேரத்தை. திருவிழாவில் பாட்டு எந்நேரம் ஓடப்போகிறதோ அந்நேரத்துக்குத்தான் காட்டுவேன். விடியற்காலை நாலு மணிக்கு வரச் சொல்லி, மத்தியானக் கச்சேரிக்கு அட்வான்ஸ் வாங்குவது நியாயமில்லை.

குழாய் ஏன் எங்கள் ஊர்களைப் பிடித்துக்கொண்டது என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். பெட்டிக்குள் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர், தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கைத்தான் சத்தமாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். குழாய் வைத்த யூனிட்டில் அது பத்துப் பங்குக்கு மேலேயே வரும். யூனிட்டுக்குள் இருக்கிற டயாபிரம் உள்ளங்கையில் அடங்குகிற சின்னத் தகடு. தனியாக விட்டால் காற்றைப் பிடிக்கத் தெரியாமல் சும்மா ஆடும். ஒடுங்கிய கழுத்தில் தொடங்கி மெல்ல மெல்ல விரிகிற குழாய்தான் அதற்குக் காற்றைப் பிடித்துக் கொடுக்கிறது. வால்வு செட்டுக் காலத்தில் இது பெரிய விஷயம். இ.எல்.34 வால்வு ஒரு ஜோடி போட்டால் கிடைப்பதே 35 முதல் 50 வாட். அதை வைத்துக்கொண்டு ஒரு ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் குழாயை விட்டால் வழியில்லை.

இது உலகத்துக்கே பொதுவான கதைதான். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் காந்தத்தால் இயங்கும் ஒலிபெருக்கியைக் குழாயோடு சேர்த்து, 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் காட்டினார்கள். மேக்னவாக்ஸ் கம்பெனி அப்படிப் பிறந்தது. நம் நாட்டில் 1930-களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு மைக் கட்டியது மோட்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ. 1940-இல் தொடங்கிய அகுஜா பின்னால் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. எங்கள் பக்கம் தேர்தல் என்றால் குழாய்க்கும் திருவிழாதான். எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான். அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் இன்றைக்கும் பாதிக் கதையைக் குழாயை வைத்தே சொல்வார்கள்.

இனி, காட்டுவதற்கு வருகிறேன். செட்டைக் காட்டுவது ஒரு விதம், குழாயைக் காட்டுவது இன்னொரு விதம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எங்கள் தொழிலில் பாதிச் சச்சரவு வருகிறது. வாடகைக்குப் பேச வந்த ஊர்க்கமிட்டிக்கு முழுச் செட்டையும் காட்ட வேண்டும்: அன்றைக்கு வரப்போகிற பிளேயர், அதே ஆம்ப்ளிபையர், அதே ஒயர், அதே மைக். அதில் ஒன்றைக்கூட உசத்தியாக மாற்றக்கூடாது. குழாயையோ யூனிட்டையோ விலைக்கு வாங்க வந்த இன்னொரு செட்டுக்காரருக்கு வேறு கணக்கு. அவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு பொருளின் குணம் மட்டுமே. அப்போது பின்னால் மாட்டுகிற எல்லாமே நம்மிடம் இருப்பதில் நல்லதாக, குறை சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். கரகரப்பு வந்தால் அது யூனிட்டின் கரகரப்புதான் என்று அவர் துணிந்து சொல்ல முடிய வேண்டும்.

முதலில் ரிக்கார்டு. கேட்கிறவர் காதுக்குப் பழகிய பாட்டாக இருக்க வேண்டும். புதுப்பாட்டைப் போட்டால் அவர் பாட்டைக் கேட்பார், குழாயைக் கேட்க மாட்டார். நான் எடுத்துப் போகிற ரிக்கார்டுக் கட்டில் முதலில் இருப்பது பாட்டே இல்லை, வசனம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசன ரிக்கார்டுகளை எங்கள் பக்கத்தில் மனப்பாடமாகச் சொல்கிற ஆட்கள் உண்டு. சிவாஜி உச்சரிப்பில் ஓர் எழுத்து மங்கினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ஒரு முருகன் பாட்டு; ஆண்குரலின் கனம் அதில் தெரியும். பிறகு எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. உச்சத்துக்குப் போகும்போது குழாயின் தகடு கூடச் சேர்ந்து அதிர்கிறதா, இல்லையா என்பது அதில் பிடிபடும். நாலாவது நாகசுரம். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் போட்டி போடும் பாட்டு, பழுதான டயாபிரத்தை ஒளிய விடாது. நாகசுரத்தின் ஓசை குழாய்க்கு நன்றாக வருகிற பகுதியிலேயே அடர்ந்து நிற்கிறது. ஒரு விரிசல் இருந்தாலும் அங்கே பிய்த்துக்கொண்டு வெளிவரும்.

இவையெல்லாம் குழாய்க்குத் தோதான ரிக்கார்டுகள். இவற்றை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடலாம், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் கட்டில் ஐந்தாவதாக இளையராஜா பாட்டு ஒன்று, கீழே பேஸ் கிட்டார் நடந்து போகிற மாதிரிப் பாட்டு, கட்டாயம் இருக்கும். அது குழாயில் எடுபடாது. 24 அங்குல வாய் கொண்ட குழாயின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைவிட நீளமான அலையை அதனால் சரியாகத் தள்ள முடியாது. கணக்குப் போட்டால் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரிந்துவிடும். பேஸ் கிட்டாரின் அடிச்சுரங்கள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. இளவட்டங்கள் ஆடுவதற்குச் செட் பேச வந்திருந்தால் அதை அங்கேயே, அப்போதே அவர்கள் காது கேட்க வேண்டும். "இதுல அடி கேக்கல, பாத்தீங்களா? அடி வேணும்னா பாக்ஸும் சேத்துத்தான் எடுக்கணும், அதுக்கு வாடகை வேற" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், திருவிழா ராத்திரியில் சண்டை வராது.

பிளேயரை லேசாக நினைக்கிறவர்கள் உண்டு. 78 ரிக்கார்டின் கோடு அகலம்; எல்.பி.யின் கோடு ஒடுக்கம். பழைய கார்ட்ரிட்ஜில் இரண்டுக்கும் தனித்தனி முள் இருக்கும், புரட்டிவிட்டுக்கொள்ள வேண்டும். எல்.பி. முள்ளை 78-இல் ஓட்டினால் அது கோட்டின் அடியில் கிடக்கிற புழுதியைக் கிளறிக்கொண்டு போகும். குழாய் ஊருக்கெல்லாம் அந்தப் புழுதியைத்தான் அறிவிக்கும். ஸ்டீரியோ ரிக்கார்டு என்றால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் பாதி வாத்தியம் காணாமல் போகும். பிளேயரைக் குழாய்க்கு நேர்கீழே மேசையில் வைக்கவும் கூடாது. சத்தம் மேசையை ஆட்டும், மேசை முள்ளை ஆட்டும், முள் அதையே திரும்பக் குழாய்க்கு அனுப்பும். இப்போது பென்டிரைவ் வந்துவிட்டதால் இந்தத் தொல்லைகள் குறைந்தன. ஆனால் போனிலிருந்து போனுக்குத் தாவித் தாவிச் சுருங்கிப்போன பாட்டை வைத்துக் குழாயைக் காட்டுவதும் தேய்ந்த முள்ளை வைத்துக் காட்டுவதும் ஒன்றுதான்.

ஆம்ப்ளிபையர் விஷயத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "எத்தன வாட்டு?" வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது 'ஏதோ கொஞ்சம் கூடியிருக்கு' என்கிற அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் செட்டை விட்டு 100 வாட் செட்டுக்குப் போகிறவர் தூரத்தில் வாங்குவது சொற்பம். அந்தக் காசுக்கு இன்னொரு குழாயை வாங்கி, எட்டாத தெருவின் முனையில் கட்டினால் பலன் கண்கூடு. கூடுதல் வாட் வேறொன்றுக்குத்தான் வேண்டும். பேச்சிலும் பாட்டிலும் சராசரிக்கு மேலே திடீரென்று எழும்புகிற முகடுகள் பத்து டெசிபலுக்கு மேலேயும் போகும். அவற்றுக்கு இடம் விடாமல் பொத்தானை முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும். கேட்பதற்குக் காரமாக இருக்கும்; யூனிட்டின் காயில் கருகுவதும் டயாபிரம் கிழிவதும் அதில்தான். காட்டும்போது பொத்தான் பாதிக்கு மேல் போகாத ஆம்ப்ளிபையரையே எடுத்துப் போவேன். அதையும் வந்தவர்களிடம் காட்டிவிடுவேன்.

ஒயர்தான் யாரும் பார்க்காத திருடன். ஆம்ப்ளிபையருக்குப் பக்கத்திலேயே, பத்தடி ஒயரில், குழாயை மாட்டிக் காட்டினால் எந்தச் செட்டும் நன்றாகத்தான் இருக்கும். திருவிழாவில் அதே குழாய் 200 மீட்டர் தள்ளி வேப்பமரத்தில் தொங்கும். போக வர 400 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் அதன் தடையே கிட்டத்தட்ட 7 ஓம். 16 ஓம் யூனிட் இரண்டை இணையாகப் போட்டால் 8 ஓம். 8 ஓம் வேலை செய்கிற இடத்தில் 7 ஓம் குறுக்கே நின்றால், ஆம்ப்ளிபையர் தருகிறதில் ஏறத்தாழப் பாதியை ஒயரே தின்றுவிடும். இதற்குத்தான் 100 வோல்ட் லைன் என்று ஒன்று இருக்கிறது. அந்த லைனில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கிக்கொள்ள வேண்டும். 100 வாட் இழுக்கிற லைன் அப்போது 100 ஓம் ஆகிவிடும். அதே 7 ஓம் ஒயர் நூற்றுக்கு ஆறேழு பங்கோடு நின்றுகொள்ளும். ஆகவே, காட்டப் போகும்போது முழு ஒயர்ச் சுருளையும் வண்டியில் ஏற்றுவேன். பக்கத்திலேயே கட்டினாலும் சுருளைப் பிரிக்காமல் நடுவில் இணைத்துவிடுவேன். கேட்கிறவருக்கு அது தெரியாது. அவர் கேட்கிற சத்தத்தில் மட்டும் அது இருக்கும்.

கரண்டும் அப்படித்தான். டவுனில், கடைவீதியில், கரண்டு சீராக இருக்கிற இடத்தில் காட்டிவிட்டுக் காட்டுக்குள் இருக்கிற ஊரில் கட்டப் போனால், பம்புசெட்டு ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, வால்வு செட்டு மூச்சுத் திணறும். ஜெனரேட்டரில் ஓடப்போகிற செட்டை ஜெனரேட்டரிலேயே காட்டுவது நல்லது. அதன் உறுமல் லைனில் ஏறுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பரீட்சை மைக்குத்தான். எங்கள் பக்கத்தில் திருவிழா என்பது பாட்டு மட்டுமா? நன்கொடை வாசிப்பதுதான் உயிர். 'ஐயாயிரத்து ஒன்று' கொடுத்தவர் பெயருக்குப் பின்னால் தெருக்கோடியில் 'ஆயிரத்து ஒன்று' என்று கேட்டால் அந்த வருஷம் பொங்கல் பஞ்சாயத்தில்தான் முடியும். மனிதக் காது 2000 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஓசைக்கு மிகவும் கூர்மையானது. 1933-இல் பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதை அளந்து வரைந்து காட்டினார்கள். எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. குழாய் சத்தமாகவும் இருக்கும், பேச்சு விளங்கவும் விளங்கும் என்பதன் காரணம், அதன் பலமும் காதின் பலமும் ஒரே இடத்தில் விழுவதுதான். எனவே காட்டும்போது நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்வதில்லை. ஊரில் நன்கொடை வாசிக்கிறவர் யாரோ அவர் கையிலேயே மைக்கைக் கொடுத்துவிடுவேன். "அண்ணாச்சி, போன வருச நோட்டு இருந்தா எடுத்து வாசிங்க" என்பேன். கமிட்டியில் மற்றவர்களைக் கடைசித் தெருவுக்கு அனுப்பி, கேட்ட தொகையை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். இதைவிடக் கறாரான கருவி எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.

காட்டுகிற இடத்தில் வித்தை செய்கிறவர்களும் இல்லாமல் இல்லை. ஒரு டெசிபல் கூடுதலாக வைத்தால் போதும். கேட்கிறவருக்குச் சத்தம் கூடியது தெரியாது, 'இது தெளிவா இருக்கு' என்று மட்டும் தோன்றும். இரண்டு செட்டை அடுத்தடுத்துக் கேட்க வைத்த ஓர் ஊரில், என்னோடு காட்ட வந்த செட்டுக்காரர் பாட்டுக்கு நடுவே பொத்தானை நெல்லுமணி அளவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஊரும் அவருக்கே செட்டைப் பேசியது. அதன்பிறகு, இரண்டு செட்டை ஒப்பிடுவதென்றால் நடுநிலையான ஓர் ஆள் மீட்டரைப் பிடித்து இரண்டையும் ஒரே அளவில் நிறுத்த வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். இப்போது போனிலேயே டெசிபல் காட்டுகிற ஆப் இருக்கிறது. அது துல்லியமில்லை என்றாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும்.

இந்த வித்தைக்கு நூற்றாண்டுப் பழமை உண்டு. 1915 முதல் சுமார் பத்தாண்டு காலம் எடிசன் கம்பெனி ஊர் ஊராக மேடை போட்டு, பாடகியை நிற்க வைத்து, பக்கத்தில் போனோகிராப்பையும் வைத்தது. விளக்கை அணைத்துவிட்டு, இப்போது பாடுவது யார், பெட்டியா ஆளா என்று கூட்டத்தைக் கேட்டது. கூட்டம் திகைத்தது. பாடகிகளில் ஒருவரான அன்னா கேஸ், பெட்டியின் ஓசைக்கு ஏற்றாற்போல் தன் குரலைத் தானே மாற்றிப் பாடியதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கருவியை ஆளின் உயரத்துக்கு ஏற்ற முடியாதபோது ஆளைக் கருவியின் உயரத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் வார்ப்டேல் ஸ்பீக்கர் செய்த கில்பர்ட் பிரிக்ஸ் 1954-இல் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்து, உயிருள்ள வாத்தியக்காரர்களை மேடையில் அமர்த்தினார். அவர்கள் வாசித்ததையும் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். ஆம்ப்ளிபையருக்கு அவர் நம்பியது குவாட் கம்பெனி பீட்டர் வாக்கரை. ஸ்பீக்கர்காரர் தன் ஸ்பீக்கரைக் காட்ட, ஆம்ப்ளிபையரில் கெட்டிக்காரரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொன்ன இரண்டு விதத்தில் அது இரண்டாவது விதம். காட்ட வேண்டியது ஸ்பீக்கரை. ஆகவே மற்றது எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது. ஒப்பிட வேண்டியதை, எதோடு ஒப்பிடுகிறோமோ அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

இப்போதைய ஹை-ஃபை கண்காட்சிகளில் இந்த இரண்டு விதமும் கலந்துவிட்டன என்று தோன்றுகிறது. ஜெர்மனியில் 1982-இல் தொடங்கி, 2004 முதல் மியூனிக்கில் நடந்த ஹை எண்ட் கண்காட்சியின் வீடியோக்களைக் கடையில் பொழுதுபோகாத நேரத்தில் பார்ப்பேன். நடுத்தர விலை ஸ்பீக்கருக்குப் பின்னால் அதைப்போல் பல மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிபையர் இருக்கும். கேட்டு மயங்கி வாங்கிப் போகிறவர் வீட்டில் இருப்பது வேறு ஆம்ப்ளிபையர், வேறு அறை. அவர் கேட்ட சத்தத்தில் எவ்வளவு ஸ்பீக்கருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக மட்டமான ஆம்ப்ளிபையரை மாட்டு என்று சொல்ல வரவில்லை. வாங்குகிறவர் வீட்டில் இருக்கக்கூடியதை ஒன்றும், உயர்ந்ததை ஒன்றுமாக இரண்டையும் மாட்டி மாற்றிக் காட்டினால் அந்த ஸ்பீக்கரைப் பற்றி உண்மை தெரிந்துவிடும். ஓட்டல் அறைகளில் நடக்கிற கண்காட்சிகளில் இன்னொரு சங்கடம்: சின்ன அறைக்குள் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைத்தால் அடிச்சத்தம் மூலைக்கு மூலை முட்டி உறுமும். விவரம் தெரிந்தவர்கள் அறைக்குத் தக்க சின்ன ஸ்பீக்கரை எடுத்துப் போகிறார்கள். எங்களுக்கு இருக்கிற சிக்கல் நேர் எதிரானது என்றாலும் பாடம் ஒன்றே: இடம் பார்த்துத்தான் கருவி.

அதே மியூனிக்கில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று உண்டு. தென்கொரியாவின் சில்பாடோன் கம்பெனிக்காரர்கள், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனி 1920, 30-களில் சினிமாக் கொட்டகைக்காகச் செய்த ராட்சதக் குழாய்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பாட்டுப் போட்டார்கள். 1926-இல் வந்த 555 யூனிட் பொருத்திய குழாய்கள். சில வாட் ஆம்ப்ளிபையரில் கொட்டகையையே நிறைத்தவை. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் அதன் முன்னால் வாய்மூடி உட்கார்ந்து கேட்கிறார்கள். நாங்கள் வேப்பமரத்தில் கட்டியதும் அந்தச் சாதிதான். தாத்தா வேறு, பேரன் வேறு, அவ்வளவுதான்.

மும்பையில் நடக்கும் பாம் எக்ஸ்போவுக்கு எங்கள் ஆட்களில் வசதியுள்ள சிலர் போய்வருகிறார்கள். அங்கே லைன் அரே எனும் அடுக்கு ஸ்பீக்கர்களைத் திறந்தவெளியில் தொங்கவிட்டுக் காட்டுவது உண்டு. திரும்பி வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால், அடுக்கைக் கடனுக்கு வாங்கலாமா என்றுதான் பேச்சு ஓடும். நான் கேட்பது ஒன்றுதான்: நம் வாடிக்கை ஊர்களில் அதற்குத் தோதான கம்பமும் கரண்டும் எங்கே இருக்கிறது?

சட்டமும் தேர்வை மாற்றிவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகாமல். 2005-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. கூம்பு வடிவக் குழாயே கூடாது என்ற நிபந்தனை போலீஸ் அனுமதிச் சீட்டிலேயே வருகிறது. எங்கள் ஆட்களுக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வாயடைத்துப்போகும். நல்ல குழாய்க்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 105 டெசிபல் வரும். 64 மீட்டர் போவதற்குள் தூரம் ஆறு தடவை இரட்டிக்கிறது. தடவைக்கு 6 என்று 36 போனால் மிச்சம் 69. ஒரு வாட்டுக்கே 64 மீட்டரில் பகல் அளவை 14 டெசிபல் தாண்டிவிட்டோம். நூறு வாட், இருநூறு வாட் என்று நாங்கள் போட்ட போட்டியெல்லாம் வீம்புதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவரும் அந்த வீம்பைத் தாங்கியிருக்கிறார்கள்.

ஆகையால் இப்போது நான் காட்டப் போவது சின்னச் சின்னப் பாக்ஸுகளை. ஒரே இடத்தில் பெரிதாக முழங்குவதற்குப் பதில், தெருவுக்கு ஒன்றாகக் குறைந்த சத்தத்தில் பேச வைப்பது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சத்தம் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கேட்கிறவரிடமிருந்து இரண்டு பாக்ஸுக்கும் உள்ள தூர வித்தியாசம் 17 மீட்டரைத் தாண்டினால் ஒரே சொல் காதில் இரண்டு தடவை விழத் தொடங்கும். அதனால் பாக்ஸுகளை எதிரெதிராகத் திருப்பாமல் ஒரே திசை பார்க்க வைத்து, தூரத்தில் இருப்பதற்கு டிலே, அதாவது சத்தத்தைச் சற்றுத் தாமதித்து விடுகிற ஏற்பாடு, வைக்க வேண்டும். காட்டுகிற அன்றைக்கே அந்த டிலேயும் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

குழாய் செத்துவிடவில்லை. இளவட்டங்கள் சிலர் பழைய குழாய், யூனிட், வால்வு செட்டு, ரிக்கார்டு என்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். விடுமுறை நாளில் காட்டுப்பக்கம் வண்டியில் ஏற்றிப்போய், யார் குழாய் நன்றாகப் பேசுகிறது என்று வைத்துப் பார்க்கிறார்கள். என்னையும் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவது உண்டு. "மாமா, எந்தக் குழா ஒசத்தி?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற முறை இதுதான். ஒரே ரிக்கார்டு, ஒரே ஆம்ப்ளிபையர், ஒரே நீள ஒயர், ஒரே உயரம். ஒரு சுவிட்சில் இரண்டையும் மாட்டு. மீட்டரில் சத்தத்தைச் சமமாக்கு. எது எந்தக் குழாய் என்று கேட்கிறவனுக்குச் சொல்லாதே. அதற்கு மேலும் இரண்டில் ஒன்று உசத்தியாகத் தெரிந்தால் அது உசத்திதான். தெரியாவிட்டால் விலை குறைந்ததை வாங்கு.

வாடகைக்குப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பரீட்சையெல்லாம் தேவையில்லை. வரப்போகிற செட்டை, வரப்போகிற ஒயரோடு, அவர்கள் ஊரிலேயே, அவர்கள் சொல்கிற நேரத்தில் கட்டிக் காட்டச் சொன்னால் போதும். மைக்கை அவர்கள் ஆள் பிடிக்கட்டும், நிற்கிற இடத்தையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். போக்குவரத்துச் செலவு நம் கையைக் கடிக்கும், இரண்டு தடவை கட்டி அவிழ்க்கிற கூலியும் உண்டு. ஆனால் அப்படிக் காட்டிப் பேசிய ஊர்களில் அடுத்த வருஷம் யாரும் 'போட்டுக் காட்டுங்க' என்று கேட்பதில்லை. நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீ சாப்பிடப் போய்விடுகிறார்கள்.